எங்கள் எச்.எம். டீச்சருக்கும் பள்ளிக்கும் நன்றி

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. நான் தேர்ச்சி. எங்கள் பள்ளியில் என்னோடு தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான முதல் தாளை எழுதியவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் தேர்ச்சி. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேறினால்தான் வேலையில் தொடரலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் எச்.எம். டீச்சருக்கு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாகவே இருப்பதால் அவர் இந்தத் தேர்வை எழுதவே வேண்டியதில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் பள்ளியைத் திறந்து, ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதினார். அதே 150 கேள்வி, அதே 3 மணி நேரம். முதல் வாரம் திருத்தி முடித்ததும் ஒருவரும் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் பாடம் நடத்திவிட்டு, நேற்று வேலைக்கு வந்த பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வாய் வருமா? டீச்சர் எழுந்து போய், கரும்பலகையில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 68 என்று போட்டார். "கணக்குலதான் எல்லாம் போச்சு. அந்த வட்டிக் கணக்கை யாராவது எனக்குச் சொல்லிக் குடுங்கப்பா" என்றார். அப்புறம் சாக்பீஸ் கை மாறிக்கொண்டே போனது.

அதன்பின் கேட்பதற்கு யாரும் கூச்சப்படவில்லை. ஏற்கெனவே டெட் தேறி வேலைக்கு வந்த இளைய டீச்சர் எங்களுக்குக் குழந்தை உளவியலில் வரும் பியாஜேவையும் வைகாட்ஸ்கியையும் பொறுமையாக நடத்தினார். வேறு பள்ளியில் இருக்கும் என் தோழியிடமும் இதே புத்தகங்கள் இருந்தன. ஆனால் அங்கே யார் விண்ணப்பித்தார்கள் என்பதே ரகசியம். பயத்தை வெளியே சொல்ல ஆளில்லாமல் தனியாகவே படித்தாள். 2022இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோதும் எங்கள் டீச்சர் இப்படித்தான். எங்களிடம் சுற்றறிக்கையைக் கொடுப்பதற்கு முன், அரும்பு எனும் தொடக்க நிலைக் குழந்தைகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து நடத்திப் பார்த்தார். தலைமை தானும் கற்றுக்கொள்கிற பள்ளியில் புதிதாக எது வந்தாலும் சமாளிக்கலாம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எங்கள் எமிஸ் பதிவுகளைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட சக ஆசிரியர்கள், பழைய வினாத்தாள்களைப் பிரிண்ட் எடுத்துத் தந்த வட்டார வளமையப் பயிற்றுநர், சனிக்கிழமையும் வந்து டீ போட்டுத் தந்த சத்துணவு அக்கா, ராத்திரி அடுப்படியைப் பார்த்துக்கொண்ட என் கணவர், மகள் எல்லோருக்கும் நன்றி.

இந்த முறை தேறாத எங்கள் டீச்சருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தேறும்வரை நானும் உங்களோடு மாதிரித் தேர்வு எழுதுவேன், என் மதிப்பெண்ணையும் பலகையில் போடுவேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் வரலாம் என்று எச்.எம். டீச்சர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பம்.