மீட்புப் பணிக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நிவாரணக் குழுவுடன் நாளை மறுநாள் புறப்படுவதாக நீ நேற்றுத் தொலைபேசியில் சொன்னபோது, "பத்திரமாகப் போய் வா" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் குற்றவியல் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகள் வழக்காடியவளுக்கு இரவில் தூக்கம் வராதபோது நினைவுக்கு வருபவை பழைய வழக்குக் கட்டுகள்தாம். பேரிடர்க் காலக் குற்றம் என்றதும் எல்லோரும் பூட்டிய கடையை உடைப்பவனையும், பொருளைப் பதுக்கி இரட்டை விலைக்கு விற்பவனையும் நினைப்பார்கள். அவர்களுக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. கலிஃபோர்னியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பகுதியில் அத்தியாவசியப் பொருளின் விலையைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதே குற்றம். அங்கே அந்நேரத்தில் நடக்கும் திருட்டு, 'கொள்ளை' என்ற தனிக் குற்றமாகவே பதிவாகும். அவர்கள் கிடக்கட்டும். உதவப் போன இடத்தில் தம்மை அறியாமல் முதல் தகவல் அறிக்கைக்குள் போய் விழுகிறவர்களைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று பட்டது.

முதலில், நீ எடுத்துச் செல்வதாகச் சொன்ன ட்ரோன். 2025 ஜனவரி 9ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ எப்படி இருக்கிறதென்று பார்க்கும் ஆவலில் ஒருவர் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து தம் ட்ரோனைப் பறக்கவிட்டார். அது இரண்டரை கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று, அவர் கண்பார்வையிலிருந்து மறைந்து, தீயணைக்கக் கனடாவின் கியூபெக் மாகாணம் அனுப்பியிருந்த விமானத்தின் இடது இறக்கையில் மோதியது. விழுந்த ஓட்டை ஏறத்தாழ மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம், கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டை அளவு. விமானி பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார் என்றாலும், தீ எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் நின்றது. ட்ரோன் வைத்திருந்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இழப்பீடு தரவும் 150 மணி நேரச் சமூகப் பணி செய்யவும் அவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. வெறும் வேடிக்கைதான் அவரை அங்கே இழுத்தது, உனக்கோ சிக்கியவர்களைத் தேடும் நோக்கம் இருக்கிறது என்பாய். மேலே பறப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. மீட்புப் பணிக்குப் பொறுப்பான அதிகாரி எழுத்தில் அனுமதி தரும்வரை அதைப் பெட்டியிலிருந்து எடுக்காதே.

அடுத்தது, சென்ற வாரம் நீ குடும்பக் குழுவில் அனுப்பிய, அணை உடைந்துவிட்டதாகச் சொன்ன குரல்பதிவு. "எதற்கும் இருக்கட்டும்" என்று அதன் கீழே எழுதியிருந்தாய். அந்த இரண்டு சொற்களைக் கேட்டு நான் எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் விசாரணையின்போது வழக்கில் சிக்கியவர்கள் எல்லோரும் சொல்வது அதையேதான். இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, அதன் 54ஆம் பிரிவில், பீதியை உண்டாக்கும் பொய் எச்சரிக்கையை உருவாக்கியவரை மட்டுமல்லாமல் பரப்பியவரையும் சேர்த்தே சொல்கிறது. ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். ஜப்பானில் 2016 ஏப்ரலில் குமமோட்டோ நிலநடுக்கம் நடந்தவுடன், விலங்குக் காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பிவிட்டதென்று, தெருவில் சிங்கம் நிற்கும் படத்தோடு ஓர் இளைஞர் ட்விட்டரில் எழுதினார். வீடு இடிந்து தெருவில் நின்றவர்கள் அதை நம்பாமல் என்ன செய்வார்கள்? காட்சிசாலையின் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. ஜூலையில், அந்த நிறுவனத்தின் பணிக்கு இடையூறு செய்ததாக அவர் கைதானார். அவருக்கு இருபது வயது, விளையாட்டாகத்தான் எழுதினாராம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிவாரணத்துக்காக ஒப்படைக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ வேறு வழியில் திருப்பினால் நம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. பொய்க் கோரிக்கை வைத்து நிவாரணம் பெறுவதற்கு, 52ஆம் பிரிவின்படி, அதே அளவு. அமெரிக்காவில் பேரிடர் உதவி மோசடிக்கு முப்பது ஆண்டுகள் வரை போகலாம். உன் சொந்த வங்கிக் கணக்கில் யாருடைய நன்கொடையையும் வாங்காதே. நீ ஒரு ரூபாயும் எடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் கலந்துவிட்ட பணத்தைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு உன்னிடம் வந்து சேரும். 'உள்ளே நுழையாதே' என்று கயிறு கட்டிய இடத்தில் அதிகாரியிடம் வாதாடாதே. அவர் சொல்வது மடத்தனமாகவே இருந்தாலும், கீழ்ப்படிய மறுப்பது நம் பேரிடர் சட்டத்தின் 51ஆம் பிரிவில் வரும், அதனால் உயிர் போனால் தண்டனையும் இரட்டிப்பாகும்.

இவ்வளவு கேட்ட பிறகு, ஆபத்தில் இருப்பவரைக் காக்கவே கை நீளாது போலிருக்கிறதே என்று உனக்குக் கோபம் வரும். சட்டம் அவ்வளவு கல்நெஞ்சம் கொண்டதில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, பெருந்தீ பரவாமல் தடுக்க நல்லெண்ணத்தோடு பிறர் வீட்டை இடிப்பவனை, காக்க நினைத்த உயிரும் உடைமையும் அந்தச் சேதத்தை நியாயப்படுத்தும் அளவுக்குப் பெரியவையாகவும் ஆபத்து உடனடியானதாகவும் இருந்தால், குற்றவாளி ஆக்கவில்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவிலும் அதே எடுத்துக்காட்டு இருக்கிறது. அந்தப் பிரிவை நம்பி நான் வாதாடிய ஒரு வழக்கு இன்னும் மனத்தில் உறுத்துகிறது. வெள்ளத்தின்போது பூட்டிக்கிடந்த வீட்டுக் கொட்டகையை உடைத்து, அங்கிருந்த மோட்டார் படகை எடுத்துப் பலரைக் கரை சேர்த்த பையன் அவன். கொட்டகையை உடைத்ததைப் பற்றி நீதிபதி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "படகை எப்போது திருப்பிக் கொடுத்தாய்?" என்று மட்டும் கேட்டார். தண்ணீர் வடிந்து பதினொரு நாள் கழித்து, உரிமையாளர் புகார் கொடுத்த பிறகு என்று அவன் சொன்னபோது, நான் கையிலிருந்த சட்டப் புத்தகத்தை மெல்ல மூடினேன். ஆபத்து இருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பும் இருக்கும்.

ஆகவே ஒரு கணக்கு நோட்டு வைத்துக்கொள். யாருடைய பொருளை, எந்த நாளில், எதற்காக எடுத்தாய், எப்போது யாரிடம் திருப்பிக் கொடுத்தாய் என்று அன்றன்றே எழுதி, கொடுக்கும்போது கையெழுத்தும் வாங்கிவிடு. முதல் பக்கத்தில், போன மாதம் என்னிடம் கேட்காமல் நீ எடுத்துப்போன டார்ச் விளக்கை எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா