சிதறு தேங்காய்க்கு ஒரு கல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1985இல் உருவான பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆண்டுதோறும் கோடை முடிகிற வேளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி வீதிகளில் வலம் வருகிறது. வேற்றின மக்களும் படம் எடுக்க முண்டியடிப்பது சிதறு தேங்காய் அடிக்கும் இடத்தில்தான். ஆபத்தும் அங்கேதான்.

ஊரில் கோயில் வாசலில் அதற்கென்றே கருங்கல் கிடக்கும். இங்கே கடை வாசலில் மஞ்சள் பூசிய காய்களைக் குவித்து, கற்பூரம் கொளுத்தி, தேர் வந்ததும் தார் வீதியிலேயே அடிக்கிறார்கள். வெயிலில் இளகிய தாரில் காய் சரியாக உடைவதில்லை. எகிறிப் பக்கத்தில் நிற்பவரின் காலைப் பதம் பார்க்கிறது. முற்றிய காயில் நூறு மில்லி நீர் என்று வைத்தாலும் ஆயிரம் காய்க்கு நூறு லிட்டர். பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சில் அந்த நீர் பட்டால் சவர்க்காரம் போட்டதுபோல் வழுக்கும். வடம் பிடிப்பவர்களும் கற்பூரச் சட்டி ஏந்தும் பெண்களும் வெறுங்காலில் வருகிறார்கள். உடைந்த சிரட்டையின் விளிம்பு கத்திதான்.

ஒவ்வொரு குவியலுக்கும் இரண்டடிச் சதுரத்தில், நான்கு அங்குலக் கனத்தில் ஒரு கல் போடலாம். கல் வெடிக்காமலிருக்க அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். அடிப்பவர் நிற்கும் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பலகை அடைப்பு. கல் வீதியோரத்தில் இருக்கட்டும். சக்கரம் வரும் பாதையில் சிரட்டை கிடந்தால் தேர் குலுங்கும். ஒரு கல்லில் ஒரு நேரத்தில் ஒருவரே அடிக்கவேண்டும். நான்கு பேர் சேர்ந்து அடித்தால் யாருடைய சில்லு யாருடைய கண்ணில் படும் என்று சொல்லமுடியாது.

காய்கள் பல வாரம் பயணப்பட்டு வருகின்றன. முதல்நாளே ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்க்கவேண்டும். நீர்ச் சத்தம் கேட்காததையும் கண்ணில் பூஞ்சணம் பிடித்ததையும் ஒதுக்கிவிடுங்கள். அழுகல் காய் ஒன்று உடைந்தாலே அந்த இடம் முழுக்க நாறும்.

துண்டு பொறுக்கப் பிள்ளைகள் பாய்வார்கள். கடைசிக் காய் உடையும்வரை அவர்களைத் தடுக்க ஒருவர் நிற்கவேண்டும். அவர்கள் பொறுக்கி முடிந்ததும் ஈர்க்குமாறும் சாக்குமாக இருவர் உடனே கூட்டி அள்ளட்டும். ஊர்வலம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஈரத்துக்கு மணல் தூவுவது அதற்குப் பிறகுதான். முன்னரே தூவினால் துண்டுகளில் மணல் ஒட்டி, பிரசாதம் வாயில் வைக்க முடியாமல் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாரிஸ்