மூன்றாவது ஃப்ளாட்டை இப்போது தொடாதே

தம்பி,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். மிட்ரண்டில் நீ வாங்கிய முதல் ஃப்ளாட்டின் மதிப்பு ஏறியிருக்கிறது, அதன் மேல் இன்னும் பாண்ட், அதாவது வீட்டுக்கடன், எடுத்து ஒரே வருஷத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் வாங்கி வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறாய். அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்தியர்களை எங்கே குடியிருக்கச் சொன்னதோ அங்கேதான் நாங்கள் இருந்தோம், டர்பனின் சாட்ஸ்வொர்த்தே அப்படி உண்டான ஊர்தானே. நீ விரும்பிய இடத்தில் வீடு வாங்குவது எனக்குப் பெருமை. இரண்டாவதை வாங்கு. மூன்றாவது இப்போது வேண்டாம்.

உன் கணக்கில் வட்டி இருபது வருஷமும் அசையாமல் நிற்கிறது. பாங்குகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 2020 ஜூலையில் 7 சதவீதம், 2023 மே மாதம் 11.75. ஒரு மில்லியன் ராண்ட் கடனை இருபது வருஷத்தில் அடைப்பதானால், 7 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 7,750 ராண்ட், 11.75-ல் சுமார் 10,840. ஒரு ஃப்ளாட்டுக்கே மூவாயிரம் கூடுகிறது, மூன்றுக்கும் சேர்த்துப் பார், அதுவும் மூன்றிலும் ஒரே நேரத்தில் ஏறும், ஆனால் வாடகையை நீ வருஷத்துக்கு ஒரு தடவைதான் உயர்த்த முடியும்.

கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் லெவியும் நகராட்சிக்குக் கட்டும் ரேட்ஸும் எழுதியிருக்கிறாய், சரி. லிஃப்ட் பழுதானாலோ கூரை ஒழுகினாலோ ஸ்பெஷல் லெவி கேட்பார்களே, அது எங்கே? வாங்குமுன் பாடி கார்ப்பரேட்டின், அதாவது ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்தின், வருஷக் கணக்கைக் கேள், ரிசர்வ் நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் லெவி பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார். பாக்கி நிறைய இருந்தால் சுவர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கட்டடம் வேண்டாம்.

அப்புறம் குடியிருப்பவர் வாடகை தராவிட்டால் பூட்டை மாற்றவோ கரண்டை நிறுத்தவோ உனக்கு உரிமை இல்லை, கோர்ட் உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், பாண்ட் அதுவரை காத்திருக்காது. அவர் தரும் டெபாசிட்டும் உன் பணம் இல்லை. வட்டி வரும் கணக்கில் போட்டுவை, அதை எடுத்து அடுத்த ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டாதே. வரியில் வட்டியைத்தான் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்.

மிஞ்சுகிற காசையெல்லாம் உன் அக்செஸ் பாண்டில் போடு, அது கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்க விடும் வீட்டுக்கடன்தானே, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வட்டியும் குறையும். இரண்டு ஃப்ளாட்டுக்கும் ஆறு மாதத் தவணை அதில் சேர்ந்தபிறகு மூன்றாவதைப் பேசலாம். நம் பின்கட்டு வாடகையை நானும் அப்படித்தான் சேர்க்கிறேன்.

இரண்டாவது ஃப்ளாட்டை வாங்கும் ஆஃபரில் கையெழுத்துப் போடுமுன் பாடி கார்ப்பரேட்டின் அந்த வருஷக் கணக்கை எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

அம்மா