டைபிரேக்கரில் தோற்றால் பையனின் பெயரைப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்து டைபிரேக்கர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டம் சமனில் முடிந்தால், கீப்பர் மட்டும் நிற்கும் கோலுக்கு இரண்டு அணியும் ஐந்தைந்து பெனால்டி அடித்து வெற்றியை முடிவு செய்வதுதான் டைபிரேக்கர். எல்லாம் லாட்டரிதான், அன்றைக்கு யாருக்கு அதிர்ஷ்டமோ அவர்களுக்குக் கோப்பை என்று எழுதியிருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் டீக்கடைப் பேச்சும் இதுதான். உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. லாட்டரி என்று சொல்லிவிட்டால் கோச் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அடிக்கத் தவறிய பையன் மட்டும் மாட்டிக்கொள்வான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்து அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி, 1996 யூரோவில் (ஐரோப்பியக் கோப்பை) ஜெர்மனி, 1998-ல் அர்ஜென்டினா, 2004-லும் 2006-லும் போர்ச்சுகல், 2012-ல் இத்தாலி என்று பெரிய போட்டிகளில் ஆறு முறை டைபிரேக்கரில் வெளியேறினார்கள். நடுவில் ஜெயித்தது 1996 காலிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக மட்டும். ஜெரார்ட், லம்பார்ட், பெக்காம் எல்லாம் பந்தைத் தொட்டால் உலகமே பார்த்த காலம் அது. அவர்களுக்கா அடிக்கத் தெரியாது? 11 மீட்டர் தூரத்தில் நிற்கிற பந்தை வலைக்குள் போடுவது அவர்கள் கால்களுக்குப் பெரிய வேலையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

1996 யூரோ அரையிறுதி, லண்டன் வெம்பிளி மைதானம், எதிரே ஜெர்மனி. இரண்டு பக்கமும் முதல் ஐந்து பேரும் கோல் போட்டுவிட்டார்கள். ஆறாவது யார் என்ற கேள்வி வந்தபோது முன்வந்தவர் கேரத் சவுத்கேட் என்ற தடுப்பாட்டக்காரர். அதற்கு முன் தொழில்முறை ஆட்டத்தில் அவர் அடித்திருந்தது ஒரே ஒரு பெனால்டி, அதுவும் போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. இந்த முறை ஜெர்மன் கீப்பர் கோப்கே பிடித்துவிட்டார். பல வருடங்கள் அந்த மனிதரை ஊரே அந்த ஒரு உதையை வைத்துத்தான் அடையாளம் கண்டது.

எங்கள் ஊர்ப் போட்டிகளில் இதே காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் சமனில் முடியும். கோச் பையன்களைச் சுற்றி நிற்க வைத்து "யாருலே அடிக்கிறீங்க?" என்று கேட்பார். ஒருவன் குனிந்து ஏற்கெனவே இறுக்கமாக இருக்கிற ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவான். ஒருவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான். இன்னொருவனுக்குத் திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கடைசியில் அந்த மௌனத்தைத் தாங்க முடியாத ஒரு பையன் கையைத் தூக்குவான். அணியிலேயே நன்றாகப் பெனால்டி அடிப்பவன் பெரும்பாலும் அவனாக இருக்க மாட்டான். மற்றவர்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற நினைக்கிற நல்ல மனசுக்காரன், அவ்வளவுதான். கோச் செய்ய வேண்டிய முடிவை அவன் தலையில் ஏற்றிவிட்டு அதைத் துணிச்சல் என்று பாராட்டுகிறோம். அவன் அடித்தது வெளியே போனால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

சவுத்கேட்டே பின்னால் இங்கிலாந்து அணியின் மேலாளர் ஆனார். 2018 ரஷ்ய உலகக் கோப்பைக்கு முன் அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். பிப்பா கிரேஞ்ச் என்ற உளவியலாளர் அணியோடு இருந்தார். யார் அடிப்பது என்பதை அன்றைய தைரியத்துக்கு விடாமல் முன்கூட்டியே வரிசை போட்டு வைத்தார்கள். பயிற்சி முடிந்து கால் சோர்ந்த நேரத்தில் அடித்துப் பழகினார்கள், நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வருவது உட்பட. டைபிரேக்கர் என்றாலே வேகமாக அடித்து முடித்துவிட்டு ஓடுகிற பழக்கம் இங்கிலாந்துக்காரர்களிடம் இருந்தது. அதை விட்டு, மூச்சை இழுத்து நிதானமாக அடிக்கச் சொன்னார்கள். கீப்பர் பிக்ஃபோர்டே பந்தை எடுத்துத் தன் ஆட்டக்காரர் கையில் கொடுத்தார். சின்ன விஷயம்தான். ஆனால் பந்தைத் தேடிப் போய் எதிரணிக் கீப்பர் கையிலிருந்து வாங்குவதற்கும், சொந்த ஆள் கையிலிருந்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் மைதானத்தில் நின்றவனுக்குத் தெரியும். கொலம்பியாவுக்கு எதிராக ஹெண்டர்சன் அடித்ததை எதிரணிக் கீப்பர் ஒஸ்பினா தடுத்த பிறகும் 4-3 என்று ஜெயித்தார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து டைபிரேக்கரில் ஜெயித்தது அதுவே முதல் முறை.

சரி, பயிற்சி எடுத்தால் எப்போதும் ஜெயிக்கலாமா என்று கேட்பீர்கள். இல்லை. 2021 ஜூலை 11, மறுபடியும் வெம்பிளி, யூரோ இறுதியாட்டம், எதிரே இத்தாலி. பிக்ஃபோர்ட் இரண்டு உதைகளைத் தடுத்தும் 3-2 என்று தோற்றார்கள். ராஷ்ஃபோர்ட் அடித்தது போஸ்ட்டில் பட்டது, சான்சோ அடித்ததையும் சாக்கா அடித்ததையும் இத்தாலிக் கீப்பர் டொன்னரும்மா தடுத்தார். ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் கூடுதல் நேரம் முடிகிற நிமிடத்தில் இறக்கியது தவறு என்பதுதான் என் கருத்து. ஓடி உடல் சூடாகாத, பந்தையே சரியாகத் தொடாத ஆளை நேராகப் பெனால்டிக்கு அனுப்பக் கூடாது. ஐந்தாவது உதையை 19 வயது சாக்காவிடம் கொடுத்ததும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அன்று இரவே சவுத்கேட் சொன்னது முக்கியம். யார் அடிப்பது என்று முடிவெடுத்தது நான், பயிற்சியில் பார்த்ததை வைத்து எடுத்தேன், பொறுப்பு என்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மூன்று இளைஞர்கள் மீதும் இணையத்தில் நிறவெறி வசவு கொட்டிய இரவு அது. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்ட் படம் வரைந்திருந்த சுவரில் யாரோ அசிங்கமாக எழுத, அந்த ஊர் மக்கள் வந்து அன்பான துண்டுச் சீட்டுகளை ஒட்டி அதை மூடினார்கள். அந்த மூன்று இளைஞர்களுக்கு முன்னால் போய் நின்று அடியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான்.

இதன் பலன் மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது. 2024 யூரோ காலிறுதி, டுசெல்டார்ஃப், எதிரே சுவிட்சர்லாந்து. பின்தங்கியிருந்த அணிக்கு 80-வது நிமிடத்தில் சமன் கோல் போட்டவர் அதே சாக்கா. டைபிரேக்கரிலும் மூன்றாவதாக வந்து கோல் போட்டார். பால்மர், பெல்லிங்ஹாம், சாக்கா, டோனி, அலெக்சாண்டர்-அர்னால்டு என்று ஐந்து பேரும் தவறவிடவில்லை. பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் சுவிஸ் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்ற குறிப்பு ஒட்டியிருந்தது. அகாஞ்சி பெயருக்கு நேரே இடது பக்கம் என்று இருந்தது. பிக்ஃபோர்ட் இடது பக்கம் பாய்ந்தார், பிடித்தார். இதையும் லாட்டரி என்பீர்களா? அந்த அணியும் இறுதியில் ஸ்பெயினிடம் தோற்றது, கோப்பை வரவில்லை. அது வேறு விஷயம். 2021-ல் உடைந்து போயிருக்க வேண்டிய ஒரு பையன் அந்த இடத்துக்குத் திரும்பி நடந்து வந்தான், அதுதான் எனக்குப் பெரிது.

மனசு சம்பந்தப்பட்டது என்பதற்கு இன்னொரு சாட்சி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ், பிரான்சின் ஷுவாமெனி அடிக்க வரும்போது பந்தைத் தூர எறிந்து, அவரைப் போய் எடுத்துவர வைத்தார். ஷுவாமெனி வெளியே அடித்தார். அடுத்த வருடமே, அடிப்பவரின் கவனத்தைக் கீப்பர் முறையில்லாமல் கலைக்கக் கூடாது, தாமதம் செய்யக் கூடாது என்று விதியில் சேர்த்துவிட்டார்கள். அதே உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் தோற்ற பிரேசில், நெய்மாரை ஐந்தாவதற்கு என்று வைத்திருந்தது. முதல் உதைக்கு 21 வயது ரோட்ரிகோவை அனுப்பி, அது தடுக்கப்பட்டு, நெய்மார் முறை வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. வரிசை போட்டது யார்? கோச் டிட்டே.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளி அளவிலான இறுதியாட்டம். நான் பார்வையாளனாகத்தான் போயிருந்தேன். ஒரு பையன், பின்வரிசையில் ஆடுபவன், அன்று முழுக்கத் தன் அணியைத் தூக்கி நிறுத்தியவன், கடைசிப் பெனால்டியை கிராஸ்பாரில், அதாவது கோலின் மேல்கம்பத்தில், அடித்துவிட்டான். மறுநாள் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பதிப்பில் அவன் பெயர், வகுப்பு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த படம், மேலே "கோட்டை விட்டார்" என்ற தலைப்பு. பையன் ஏமாற்றிவிட்டான் என்று அவனுடைய கோச் சொன்னதாகவும் ஒரு வரி. எங்கள் கடற்கரையில் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அது போகவே போகாது. அன்றிலிருந்து அவன் "கிராஸ்பார்". கோயில் திருவிழாப் போட்டியில் மைக்கில் அறிவிப்பவரே அப்படிக் கூப்பிட்டார். அடுத்த சீசனுக்கு அவன் மைதானத்துக்கு வரவில்லை. அவனுக்கு முன் அதே அணியில் இன்னும் இரண்டு பேர் தவறவிட்டிருந்தார்கள் என்பது செய்தியில் எங்குமே இல்லை. 1994 உலகக் கோப்பை இறுதியில் கடைசி உதையைத் தவறவிட்ட இத்தாலியின் பாஜியோவுக்கு முன்னால் பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கடைசியாக அடித்தவன்தான் குற்றவாளி.

எங்கள் பக்கத்துப் பையன்களிடம் திறமை குறைவில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனவர். மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த கால்கள் இவை. நான் பயிற்சி கொடுத்த காலத்தில் எனக்கு உளவியலாளரும் இல்லை, அதற்குப் பணமும் இல்லை. ஆனால் செய்ய முடிந்தது நிறைய இருந்தது. போட்டிக்கு முந்தைய வாரமே ஐந்து பேர் வரிசை என் நோட்டில் இருக்கும், அவர்களுக்கும் தெரியும். மாலைப் பயிற்சி முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும்போது, நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொருவனாக நடந்து வர வேண்டும், மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி கத்தலாம். பந்தைத் தானே வைக்க வேண்டும், கடல் காற்று உருட்டினால் மறுபடி வைக்க வேண்டும், விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். தவறவிட்டுத் திரும்புகிறவனைப் பாதி வழியில் போய்த் தோளில் கைபோட்டு அழைத்துவர ஒரு ஆளை முன்பே சொல்லி வைத்திருப்பேன். "மக்கா, உள்ளே போனா உன் கோல், வெளியே போனா என் முடிவு" என்பேன். இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். பள்ளி மாணவர் போட்டிச் செய்திகளில், பெனால்டியைத் தவறவிட்ட பையனின் அல்லது பெண்ணின் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். 4-3 என்று தோற்றது அணி, அதை மட்டும் எழுதினால் போதும். அடுத்து, தோற்ற அணியின் கோச்சிடம் உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: அடிக்கிற ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது யார், எப்போது? அவர் சொல்கிற பதிலை அப்படியே அச்சிடுங்கள். மாவட்டப் போட்டிகள் தொடங்கப் போகின்றன, இந்த முறையே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.