படிக்கட்டைக் கணக்கில் எடுக்காத லண்டன் அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடைப் பயணப் பகுதியில் வந்த லண்டன் கட்டுரை, 4 நாளில் 16 இடம் பார்க்க ஓர் அட்டவணை கொடுத்துவிட்டு, ‘குழந்தைகளோடும் போகலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த அட்டவணைப்படி போக முடியாது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கூட இருந்தால், ஒரு நாளில் எவ்வளவு பார்க்கலாம் என்பதைப் பிள்ளையின் தூக்கமும் ரயில் நிலையப் படிக்கட்டும்தான் முடிவு செய்யும். கட்டுரையில் இரண்டைப் பற்றியும் பேச்சே இல்லை.

தூக்கத்தை முதலில் பார்ப்போம். மே மாதத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இங்கே காலை 7 மணிக்கு எழும் பிள்ளை அங்கே விடியற்காலை 2.30க்கே விழித்துக்கொண்டு பசிக்கிறது என்று அழும். மாலை 4.30 ஆனால் கண் சொருகும். உடம்பு இந்த மாற்றத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம்தான் பழகும். முதல் நாள் மாலை தேம்ஸ் படகு, இரவு விளக்கு அலங்காரம் என்று போட்டிருக்கிறீர்கள். பெற்றோர் தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டுதான் அவற்றைப் பார்ப்பார்கள். முதல் 3 நாளும் மாலை 3 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவதே நல்லது. அந்த நடுராத்திரிப் பசிக்கு வந்திறங்கிய அன்றே பால், ரொட்டி, வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பால் புட்டியின் மூடி நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்: நீலம் முழுக் கொழுப்புப் பால், பச்சை பாதிக் கொழுப்பு, சிவப்பு கொழுப்பு நீக்கியது. சின்னப் பிள்ளைக்கு நீலம்.

விடிந்ததும் எங்கே போவது? அருங்காட்சியகங்கள் 10 மணிக்குத்தான் திறக்கும். மே மாதத்தில் காலை 5 மணியை ஒட்டியே வெளிச்சம் வந்துவிடும், செயின்ட் ஜேம்ஸ் பூங்காவும் அந்நேரமே திறந்திருக்கும். அங்கே கூழைக்கடாக்கள் (பெலிகன் பறவைகள்) இருக்கின்றன. 1664இல் ரஷ்யத் தூதர் பரிசளித்ததிலிருந்து அந்தக் குளத்தில் அவை இருந்து வருகின்றன. கூட்டமில்லாத காலை வேளையில் பிள்ளைகள் பார்க்க அதைவிட நல்ல இடம் நகர நடுவில் இல்லை என்பது என் கருத்து. ரஸ்ஸல் சதுக்கத்துக்கு அருகில் கோராம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற விளையாட்டுத் திடல் உண்டு. பிள்ளை கூட வராத பெரியவர்களை அங்கே உள்ளே விடமாட்டார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நாலாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருவார்கள், பிற்பகல் 2 மணிக்கு மேல் கூட்டம் குறையும். அனுமதி இலவசம், ஆனாலும் நேரத்தை முன்பதிவு செய்துவிடுவது நல்லது. நடுக்கூடத்தில் தொங்கும் 25 மீட்டர் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாலும் குறையில்லை. மே கடைசி வாரத்தில் அங்கும் பள்ளி விடுமுறை, அந்த வாரத்தைத் தவிர்க்கவும்.

அடுத்தது படிக்கட்டு. கோவன்ட் கார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே படிவழியில் 193 படிகள். லிஃப்ட் இருக்கிறது என்றாலும் அதற்கும் நடைமேடைக்கும் இடையில் படிகள் உண்டு, ஸ்ட்ரோலரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். எலிசபெத் பாதை என்ற ரயில் தடத்தில் டாட்டனம் கோர்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் லிஃப்டிலேயே தெருவுக்கு வந்துவிடலாம், அங்கிருந்து கோவன்ட் கார்டனுக்குக் கால் மணி நேர நடை. ‘படியில்லா வழி’ வரைபடத்தை லண்டன் போக்குவரத்துக் கழகம் இலவசமாகத் தருகிறது. அதில் நீல வட்டச் சக்கர நாற்காலிக் குறி என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியில்லை. வெள்ளை வட்டம் என்றால் நடைமேடை வரைதான், பெட்டியில் ஏற இடைவெளியோ உயரமோ இருக்கும். எலிசபெத் பாதையின் எல்லா நிலையங்களிலும் நடைமேடை வரை படியில்லாமல் போகலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நேரே வரும் அந்தப் பாதையில், பேடிங்டன் போன்ற நிலையத்தின் அருகே அறை எடுத்தால் பாதித் தொல்லை தீரும். ஹீத்ரோவிலிருந்து வரும் இன்னொரு ரயில் தடமான பிக்காடில்லி பாதையைவிட கட்டணம் அதிகம்தான், ஆனால் 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டிலுமே கட்டணமில்லை. ஒரு பெரியவரோடு 4 பிள்ளைகள் வரை போகலாம். அகலமான வாயில் வழியாக ஒன்றாகவே நுழையுங்கள்.

அருங்காட்சியகங்களுக்கு அருகிலுள்ள சவுத் கென்சிங்டன் நிலையத்திலும் படிகள்தான். படியில்லாத கிரீன் பார்க் நிலையத்தில் இறங்கி, 9ஆம் எண் பேருந்தில் ராயல் ஆல்பர்ட் ஹால் வரை போனால், அப்புறம் எக்ஸிபிஷன் சாலையில் நடந்தே போய்விடலாம். பேருந்தில் ஸ்ட்ரோலரை மடக்காமல் நிறுத்த நடுவில் இடம் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் மடக்கி இடம் விட வேண்டும். ஆகவே ஒரே கையால் மடக்கக்கூடிய சிறிய ஸ்ட்ரோலரே போதும்.

பேருந்தில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். ஒவ்வொரு பெரியவருக்கும் தனித்தனி வங்கி அட்டை வேண்டும், ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதே அட்டையைத் தட்ட வேண்டும். நம் வங்கி அட்டைகளுக்கு வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, தொட்டுச் செலுத்தும் வசதி இரண்டும் தனித்தனிப் பொத்தான்கள். ஒன்றை மட்டும் இயக்கிவிட்டுப் போனால் ஹீத்ரோ வாயிலிலேயே அட்டை மறுக்கப்படும். ஊரிலேயே இரண்டையும் இயக்கிவிடுங்கள்.

பெட்டியில் நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து அங்கே பால் பொருள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கைக்குழந்தைக்கான பால்மாவு மட்டும், உடைக்காத பாக்கெட்டாக, 2 கிலோ வரை அனுமதி. காய்ச்சல் மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர்ப் பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு குழந்தைச் சிரப்பில் 5 மில்லிக்கே 120 மில்லிகிராம்தான். பழைய அளவை மனதில் வைத்துக்கொண்டு ஊற்றக்கூடாது, மருந்தின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் படித்தே கொடுக்க வேண்டும். இரவில் சந்தேகம் வந்தால் 111 என்ற இலவச மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.

கட்டுரை தொடாத இன்னொன்று பெயர். நம் வழக்கப்படி பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கும். அம்மாவோ தாத்தா பாட்டியோ மட்டும் அழைத்துப் போனால், உறவு என்ன என்று குடிவரவு அதிகாரி கேட்பார். பிறப்புச் சான்றிதழும், உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரியவருடன் வரும் பிள்ளையின் விசாவில் அழைத்துவருபவரின் விவரம் பதிவாகும். விண்ணப்பத்தில் அம்மாவைக் காட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் சித்தியோடு அனுப்பினால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

விசா முடிவுக்குப் பொதுவாக 3 வாரம் ஆகும், கோடைக்குக் கிளம்புகிறவர்கள் இப்போதே படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். இடம் போதாவிட்டால், பெயர் பற்றிய கடைசிப் பகுதியையாவது அடுத்த இதழிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி