சோலைப் பாதையைச் சீராக்கியவர்களுக்கு நன்றி: தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அரித்துப்போன நம் சோலைப் பாதை மறுபடி நடக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மேட்டுக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஜீப் ரோட்டைச் சுற்றாமல் அதன் வழியாகவே பள்ளிக்கு வந்து சேர்கிறார்கள். இயற்கைக் கழகப் பிள்ளைகளின் சனிக்கிழமை நடையும் தொடங்கிவிட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சொந்த வேலையை ஒதுக்கிவைத்து வந்தவர்களால் நடந்த காரியம் இது.

நன்றி என்று நோட்டீஸ் பலகையில் ஒரு வரி எழுதி முடிக்க மனமில்லை. யார் என்ன வேலை செய்தார்கள், அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததால்தான் முன்பு போட்ட பாதை சில மழைக்குக்கூடத் தாங்கவில்லை.

முதல் நன்றி வடிகால் வேலை செய்தவர்களுக்கு. படி கட்டினால் எல்லோரும் பார்த்துப் பாராட்டுவார்கள். வாய்க்காலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பாதையைக் கெடுப்பது காலடியைவிடத் தண்ணீர்தான். பிள்ளைகள் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி பள்ளமாகிறது, வெளிவிளிம்பில் மண் வரப்புபோல ஒதுங்குகிறது. மழை பெய்ததும் அந்த வரப்பு தண்ணீரைச் சரிவில் இறங்கவிடாமல் பாதைக்குள்ளேயே அடைத்து ஓட வைக்கிறது. நூறு அடி ஓடினால் அது ஓடையாகிவிடும், பாதையில் மண் போய்க் கல் மட்டுமே மிஞ்சும்.

அதனால் முதல் ஞாயிறு முழுக்க அந்த வெளி வரப்பை வெட்டி எடுக்கும் வேலைதான் நடந்தது. பூண்டுப் பாத்தியும் உருளைக்கிழங்குப் பாத்தியும் அடுக்கடுக்காக இறக்கிப் பழகிய கைகள் அவை. பாதையின் அகலம் ஒரு மீட்டர் என்றால் உள்பக்கத்தைவிட வெளிப்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பலகையின் மேல் ரசமட்டம் வைத்து இரண்டு மீட்டருக்கு ஒருமுறை சரிபார்த்தார்கள். அதற்கு மேல் தாழ்த்தினால் ஈரத்தில் பிள்ளைகள் வெளிப்பக்கம் வழுக்குவார்கள். குறைத்தால் தண்ணீர் தேங்கும்.

ஏற்றமான இடங்களில் இந்தச் சாய்வு மட்டும் போதாது, குறுக்குக் கல் வேண்டும். முன்பு சீகை (வாட்டில்) மரக் கட்டைகளைப் பாதைக்கு நேர்குறுக்காகப் பதித்திருந்தோம். அதில் இரண்டு தவறுகள். நேர்குறுக்காக இருந்தால் தண்ணீர் அங்கே வேகம் இழந்து நின்று மண்ணைப் படியவிடும். இரண்டு மழையில் மேல்பக்கம் நிரம்பி, மூன்றாவது மழையில் தண்ணீர் கட்டையைத் தாண்டிக் குதித்துக் கீழே குழி பறிக்கும். ஈர மண்ணுக்குள் கட்டை சீக்கிரம் உளுத்துப்போவது இரண்டாவது தவறு. மேல்பட்டை உரிந்த கட்டை மழையில் சோப்புப்போல வழுக்கவும் செய்யும்.

இந்த முறை எல்லாம் கல்தான். பாதைக்கு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி பதித்திருக்கிறார்கள். அந்தச் சாய்வில் தண்ணீர் தேங்காமல் திரும்பி ஓடுவதால், கொண்டுவரும் மண்ணில் பெரும்பகுதியைத் தானே வெளியே தள்ளிவிடும். பத்து மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் ஏறும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு குறுக்குக் கல் வரிசை. அரை மீட்டர் மட்டும் ஏறும் இடத்தில் முப்பது மீட்டருக்கு ஒன்று போதும். கல் வரிசையின் உள்முனை மேட்டுக்குள் ஓரடியாவது நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

வெளியே போகும் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ஒரு வாய்க்கால் நேராக ஒருவர் பூண்டு போட்டிருந்த பாத்திக்குள் இறங்கியிருக்கும். அந்தத் தோட்டக்காரரே முன்னின்று, பதினைந்து அடி தள்ளிப் பாறையுள்ள ஓடைக்குத் தண்ணீரைத் திருப்ப இடம் காட்டினார். விழும் இடத்தில் கைப்பிடி அளவுக் கற்களைப் பரப்பியிருப்பதும் அவர் யோசனைதான். கல் பரப்பாத வாய்க்கால் வாயில் ஒரே பருவத்தில் ஆள் இறங்கும் குழி விழுந்துவிடும்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். சோலையின் கருமண் பார்க்க அழகானது, மிதிக்க ஆகாதது. பஞ்சுபோல நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காடு பிழைப்பதும் அதனால்தான், பாதை சேறாவதும் அதனால்தான். பள்ளங்களை நிரப்ப அடியிலிருக்கும் செம்மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில் திமிசுக் கட்டையால் இடித்தால்தான் இறுகும். நாலு விரல்கிடை உயரத்துக்கு ஒருமுறை கொட்டி இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. ஒரேயடியாக ஒரு அடி உயரம் கொட்டினால் மேல்பாகம் மட்டும் இறுகி, அடி பொதபொதவென்று கிடக்கும். மார்கழியில் வேலை வைத்ததற்குக் காரணமே இந்த ஈரப்பதம்தான். மாசி வந்துவிட்டால் மண் காய்ந்து பொடியாகிவிடும், எவ்வளவு இடித்தாலும் சேராது.

கொத்தனார் வேலை பார்க்கும் மூன்று தகப்பன்மார் செங்குத்தான இரண்டு இடங்களில் கற்படி அமைத்துத் தந்தார்கள். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து உயரம் குறித்து, கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார்கள். கீழ்க்கல்லின் பின்விளிம்பு மேல் மேல்கல் ஏறி உட்காரும்போது ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து தொடங்கினால் இது வாய்க்காது. ஒவ்வொரு படியும் 15 சென்டிமீட்டர் உயரம், கால் வைக்க 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடம். பெரியவர்களுக்கு 20 சென்டிமீட்டர் உயரம் பெரிதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஏறச் சிரமமான உயரம், பிள்ளை படியை விட்டுவிட்டுப் பக்கத்து மண்ணில் ஏறும். அந்த மண் ஒரு மாதத்தில் ஓடையாகும். படிக்கு இருபுறமும் கூர்மையான கற்களை வேண்டுமென்றே நெருக்கிக் கிடத்தியிருப்பது இதற்காகத்தான். தயவுசெய்து யாரும் அவற்றை எடுத்து ஒழுங்குபடுத்த வேண்டாம்.

கொண்டையூசி வளைவுகளிலும் இதே கதைதான். மேல் வளைவிலிருந்து கீழ் வளைவுக்கு நேராகச் சறுக்கி இறங்குவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அந்தக் குறுக்குத் தடங்கள் இரண்டையும் இப்போது பிடுங்கிய சீகைக் கன்றுகளைப் போட்டு அடைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நான் பள்ளிக்கூட்டத்தில் பத்துமுறை சொல்வதைவிட வீட்டில் ஒருமுறை சொல்வது ஏறும்.

மேட்டுச்சரிவு சரிந்திருந்த இடத்தில் தென்னைநார் விரிப்பு போட்டவர்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார். விரிப்பு வாங்கவும் கடப்பாரை, மண்வெட்டி வாங்கவும் பணம் கொடுத்தவர்கள் கடைத்தெரு வியாபாரிகளும் ஊரைவிட்டு வெளியே வேலை பார்க்கும் பழைய மாணவர்களும். வரவு செலவு அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விரிப்பைச் சரிவின் உச்சியில் ஓரடி ஆழப் பள்ளம் வெட்டி அதற்குள் மடித்துப் புதைத்து, அங்கிருந்து கீழ்நோக்கி உருட்டினார்கள். ஒரு விரிப்பும் அடுத்ததும் சேரும் இடத்தில் மேல்விரிப்பு கீழ்விரிப்பின்மேல் ஒரு சாண் படிந்திருக்க வேண்டும். மாறிப் போனால் தண்ணீர் இடுக்கில் புகுந்து அடிமண்ணை உருவிவிடும். மீட்டருக்கு ஒரு மூங்கில் ஆப்பு. கண்ணிகளுக்கு நடுவே நாட்டுப்புல் தூர்களை நட்டிருக்கிறார்கள். நார் மட்கிப்போவதற்குள் புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தயவுசெய்து அங்கே ஆடு கட்ட வேண்டாம்.

செடி கொடி அகற்றியதில்தான் எனக்கு அதிகக் கவலை இருந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை வனத்துறைக் காவலர்கள் முதலில் நடந்து குறி போட்டுத் தந்தார்கள். பாதைக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரமும் இருபுறம் அரை மீட்டரும் மட்டுமே துப்புரவு. புல்கட்டு சுமந்து வருபவர் தலை தட்டாமல் போக அது போதும். வளைவுகளில் மட்டும் புதரை ஒரு மீட்டர்வரை தாழ வெட்டினோம், எதிரே காட்டுமாடு நின்றால் முன்கூட்டியே தெரிய வேண்டுமே. அதற்குமேல் சோலையின் ஓரத்தைத் திறந்துவிட்டால் வெயில் உள்ளே விழும், பாசி காயும், அந்த வெளிச்சத்தில் முதலில் வந்து உட்காருவது நமக்கு வேண்டாத செடிகள்தான்.

உண்ணிச்செடியை (லாண்டனா) தரைமட்டமாக வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் மூன்று நான்கு விரல்கிடை கீழே, துளிர் விடும் பாகத்துக்கு அடியில், ஆணிவேரை வெட்டி முழுச்செடியையும் தூக்க வேண்டும். தூக்கியதை வேர் மண்ணில் படாமல் தலைகீழாகச் சாத்திக் காயவிட வேண்டும். காய் பழுக்குமுன் இதைச் செய்தால்தான் பறவைகள் விதையைப் பரப்பாது. சீகைக் கன்று கையளவு இருக்கும்போது மழை ஈரத்தில் வேரோடு வரும், முழங்கை அளவு வளர்ந்துவிட்டால் கடப்பாரை வேண்டும். இதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, தீ பட்டாலோ வெயில் விழுந்தாலோ கூட்டமாக முளைக்கும். அதனால் ஒருமுறை பிடுங்கியதோடு முடியாது, அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்ப வேண்டும். பழத்தோட்டம் என்ற இடத்தில் 2019 தீக்குப் பிறகு சீகை நின்ற இடத்தில் நாட்டுப்புல் நட்டுப் புல்வெளியையும் நீரூற்றையும் மீட்ட வேலையில் கை வைத்த சிலர் நம் பெற்றோரிலும் உண்டு. இந்தப் பொறுமையை அவர்களிடம்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று. நாம் வேலை செய்தது ஜண்டாக் கல்லுக்கு (வனத்துறை எல்லைக் கல்) இப்புறம் மட்டும். அதற்கு அப்பால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. 2003இல் அறிவிக்கப்பட்டது, 1.32 சதுர கிலோமீட்டர்தான், கேரளத்திலேயே சிறிய தேசியப் பூங்கா. அங்கே ஒரு கிளையை ஒடிக்கவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. நல்லெண்ணத்தில்கூட யாரும் உள்ளே போய் வழி வெட்ட வேண்டாம். துறை அழைக்கும்போது சேர்ந்து போவோம்.

கல் ஏற்றி வந்த ஜீப் அண்ணன்மார் வாடகை வாங்கவில்லை. கஞ்சியும் பயறும் கட்டன் சாயாவும் பள்ளிச் சமையலறையில் ஆக்கித் தந்த அம்மாக்கள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். அட்டைக் கடிக்கு உப்பும் சுண்ணாம்பும் பொட்டலம் கட்டி எல்லார் கையிலும் கொடுத்த பாட்டிக்கும் நன்றி. ஈர மண்ணில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு உடனே ஆரம்ப சுகாதார மையத்துக்குப் போய், மண்ணில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்தமுறை வருபவர்கள் தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே அங்கே கேட்டுவிட்டு வரலாம்.

இனி ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் பத்து நிமிட வேலை இருக்கிறது. குறுக்குக் கல்லின் மேல்பக்கம் பாதி ஆழத்துக்கு மண் சேர்ந்திருந்தால் மண்வெட்டியால் வழித்து எடுக்க வேண்டும். முழுக்க நிரம்பும்வரை விட்டால் வேலை பத்து மடங்காகும். வழித்ததில் செம்மண் இருந்தால் பாதைப் பள்ளத்தில் போட்டு மிதிக்கலாம். இலைச்சேறு என்றால் சரிவில் தூர வீசிவிட வேண்டும், விளிம்பில் குவித்தால் அதுவே மறுபடி வரப்பாகும். பெரியவர்கள் மட்டும், பொழுது நன்றாக விடிந்தபின், இரண்டு பேருக்குக் குறையாமல் போக வேண்டும். வெட்டுக்கத்தி வீசுபவர்களுக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள்.

அப்படிப் போகும்போது சரிவையும் ஒரு பார்வை பாருங்கள். பாதையை ஒட்டி நீளவாக்கில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்ந்திருப்பது, தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருவது, இல்லாத இடத்தில் நீர் கசிவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே பஞ்சாயத்துக்கும் எனக்கும் சொல்லுங்கள். அன்று பிள்ளைகளை அந்த வழியில் விடாதீர்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் ஒரே இரவில் 70 உயிர்களை இழந்த மலை இது. நம் குறுக்குக் கல் நிலச்சரிவைத் தடுக்காது, ஆனால் வாரம்தோறும் பாதையைப் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் சீக்கிரம் தெரியும்.

மாசி, பங்குனி தீக் காலம். பாதை ஓரம் குப்பைக்குத் தீ வைப்பது, பீடி அணைக்காமல் போடுவது இரண்டையும் அறவே தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். காய்ந்த சீகைக் குவியலை நாம் எரிக்கப் போவதில்லை, விறகுக்கு வேண்டுபவர்கள் காவலரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வேலை நாள் தை மாதக் கடைசி ஞாயிறு, காலை 9 மணி, பள்ளி முற்றம். மீதமிருப்பது ஓடைக்கு அருகே எட்டு மீட்டர் கல்லடுக்குச் சுவர். களைக்கொட்டு, பழைய சாக்கு, கையுறை இருந்தால் கொண்டு வாருங்கள், குடிநீருக்கு ஸ்டீல் பாட்டில். மாலை 3 மணிக்குள் எல்லோரும் திரும்பிவிடுவோம். மழை மறுநாள் முறையில் சேர விரும்புபவர்கள் கீழுள்ள சீட்டில் பெயரும் வரக்கூடிய கிழமையும் எழுதி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்

பெற்றோர் பெயர்: ....................
பிள்ளையின் வகுப்பு: ....................
வரக்கூடிய கிழமை: ....................
கொண்டுவரும் கருவி: ....................