பெட்டி வந்துவிட்டது, சாவி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துப் பிள்ளைகளின் இணையவழிக் கல்வி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செல்போன் இல்லாததே பெரிய குறை என்று எழுதியிருந்தார்கள். 2020-இல் அது சரி. இன்று எங்கள் மலையில் போன் இல்லாத வீடு குறைவு, சிக்னல்தான் இல்லை.

ஊருக்கு மேற்கே உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அதற்கு 'டவர் பாறை' என்றே பெயர் விழுந்துவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. அதுவரை அவர்களுக்கு வகுப்பறை அந்தப் பாறை. (கல்வித் தொலைக்காட்சி உதவியது, மறுக்கவில்லை. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே!)

பள்ளி திறந்த பிறகும் பாறைக்கு ஓய்வில்லை. போன மே மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிக்கு விண்ணப்பிக்க என்னையும் கூட்டிக்கொண்டு பாறை ஏறினாள். ஓடிபி போவது அவளுடைய அப்பாவின் எண்ணுக்கு. அவரோ கேரளாவில் கூலி வேலையில் இருக்கிறார். அவரைப் போனில் பிடித்து, அவர் எண்களைப் படித்துச் சொல்லி, இவள் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். நாலாவது தடவைதான் உள்ளே போனது. அப்புறம் மழையில் முழங்கால் வலியோடு நான் இறங்கியது தனிக்கதை.

இத்தனைக்கும் இணையம் ஊருக்குள் வந்தாயிற்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இணைய இணைப்புக் கொடுக்கும் பாரத்நெட் என்ற அரசுத் திட்டத்தில், மின்கம்பங்கள் வழியே தொங்கிக்கொண்டு வந்த கண்ணாடி இழை கேபிள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பெட்டியில் முடிகிறது. பச்சை விளக்குகூட எரிகிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சேரும் நேரத்தில் அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும்.

அங்கிருந்து நூறு மீட்டரில் நூலகம். அதுவரை கேபிளை இழுத்து, ஒரு வைஃபை கருவியும் பேட்டரியும் வைத்து, இரவு எட்டு மணி வரை திறந்திருந்தால் போதும். சாவியை மகளிர் குழுவில் யாரிடமாவது கொடுக்கலாம். இணைய வசதி கல்வி உரிமையில் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. நாங்கள் கேட்பது நூறு மீட்டர் கேபிள்.

ஊராட்சியில் கேட்டால் ஒன்றியத்தில் கேளுங்கள் என்கிறார்கள். ஒன்றியத்தில் போய் நின்றால், லைன் எங்களுடையது இல்லை என்கிறார்கள். கிராம சபையில் இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. ஆகஸ்ட் 15-க்கு மூன்றாவது மனு தயார். இந்தக் கடிதம் வெளியானால், அதையும் கத்தரித்து மனுவோடு இணைத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்